அத்தை பாஸான பரீட்சை

கண்ணாடி பதித்த அந்தச் சின்ன அறைக்குள் அத்தை உட்கார்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. காதுகளை மூடிய கறுப்பு ஹெட்போன். அதற்காகக் கழற்றிய கம்மல்கள் என் கைக்குட்டை முடிச்சில் பத்திரமாக இருந்தன. வலது கையில் வயரோடு ஒரு பட்டன். கோயிலுக்கு மட்டும் உடுத்துகிற ஊதாச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, எதிரே கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அறுபது வயதுக்குமேல் மறுபடியும் ஒரு பரீட்சை வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். எங்களுக்கு அது தெரியவில்லை.

அத்தை என் அப்பாவுடன் பிறந்தவள். கேரளத்து மலையில், வண்டிப்பெரியாரிலிருந்து ஜீப் பிடித்து ஏறவேண்டிய ஓர் எஸ்டேட்டில், தேயிலைத் தூளைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தாள். அந்த மிஷின்களின் இரைச்சலில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வேலையிலிருந்து நின்றபோது இரைச்சல் நின்றது. கூடவே மற்ற எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. ஆனால் காது கேட்கவில்லை என்று அத்தை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயத் தொறந்து பேசத் தெரியல. எல்லாம் முணுமுணுன்னுதான் பேசுது" என்பாள். அதையும் அடுத்த லயத்து வீடுகளுக்குக் கேட்கும்படி சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முதல் வரிசையில்தான் அவள் இடம். ஃபாதரின் உதடு நின்றதும் "ஆமென்" சொல்லிவிடுவாள். ஒருமுறை அவர், "பைப் உடைந்துவிட்டது, மூன்று நாளைக்குத் தண்ணீர் வராது" என்று அறிவித்து நிறுத்தினார். அத்தை கைகூப்பி, உரக்க, "ஆமென்" என்றாள். ஃபாதரே திரும்பி நின்று சிரித்தார்.

இப்படியே சிரித்துக்கொண்டு காலம் போயிருக்கும், அந்த ஒரு போன் மட்டும் வராமல் இருந்திருந்தால். அத்தைக்கு ஒரே மகள். கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். அத்தையிடம் இருந்தது பட்டன் போன். லயத்தில் சிக்னல் ஒரு கோடுதான். முகம் பார்த்துப் பேசுவதற்கெல்லாம் அது போதாது. அதனால் மகள் கூப்பிட்டால் அத்தை போனைக் காதில் வைத்து, மழை, அட்டைப்பூச்சி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று மூன்று நிமிஷம் தானே பேசிவிட்டு, "நல்லது, நல்லது. எல்லாரையும் கேட்டதாச் சொல்லு" என்று முடித்துவிடுவாள். அன்றைக்கு மகள் கூப்பிட்டது மாமியார் இறந்துவிட்டார் என்று சொல்ல. தன் அப்பாவிடமும் அத்தை ஒரு வார்த்தை பேசட்டும் என்று மருமகன் ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். துக்கத்துக்குக் கூடியிருந்த அத்தனை பேர் நடுவிலும் அத்தையின் குரல் கணீரென்று ஒலித்தது: "நல்லது, நல்லது! எல்லாரையும் கேட்டதாச் சொல்லு!"

விஷயம் தெரிந்து நாங்கள் விளக்கம் சொல்வதற்குள் மருமகன் வீட்டில் முகம் திருப்பிக்கொண்டார்கள். மகளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு மாதம் அத்தை அந்த போனை மடியிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். கூப்பிட்டால் கேட்காதே என்று வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்து, அவளுக்கே வழக்கமில்லாத தயக்கத்தோடு கேட்டாள். "ஏட்டி, காதுக்கு ஏதோ மிஷினு தாரானாமே கவர்மெண்டுல. அதுக்கு எழுதிப் போடு. எனக்குக் கேக்காமல்லாம் இல்ல. சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

எழுதிப்போட உட்கார்ந்தோம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால்தான் இலவச மிஷின். அதே சான்றிதழ்தான் மாத பென்ஷனுக்கும் வேண்டும். கம்ப்யூட்டர் முதலில் கேட்டது வீட்டுப் பெயர். இந்த மலையில் மற்றவர்களுக்கெல்லாம் வீட்டுக்குப் பெயர் உண்டு. எஸ்டேட் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு கதவு, அதில் ஏழாவது அத்தையுடையது. "வீட்டுக்கு எதுக்குட்டி பேரு? கூப்பிட்டா வரவா போகுது?" என்றாள் அத்தை. அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் நகராது. கடைசியில் "ஏழாவது கதவு" என்றே அடித்தேன். அரசாங்கம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. நாலு மாதம் கழித்து மருத்துவக் குழுவிடமிருந்து தேதி வந்தது. விடிகாலை பஸ் பிடித்து மலையிறங்கிப் போனோம். அப்படிப் போய்த்தான் அந்தக் கண்ணாடி அறைக்குள் அத்தை உட்கார்ந்தாள்.

பரிசோதனை செய்த பெண் மலையாளி. நமக்குப் புரியும் தமிழ் பேசினாள். "சத்தம் கேட்டா பட்டன் அமர்த்தணும், கேட்டோ அம்மச்சி?" என்றாள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கவேண்டும் என்று நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். அத்தை இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினாள். வெளியே வரிசை படிக்கட்டு வரை நின்றது, அந்தப் பெண்ணுக்கும் அவசரம். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. அத்தை வெளியே வந்து என் தோளில் தட்டி, "ஒண்ணுகூட விடலட்டி" என்றாள், முகமெல்லாம் பூரிப்பாக.

"எப்படி அத்தை?" என்று அவள் முகத்துக்கு நேரே நின்று கேட்டேன்.

"அந்தப் பிள்ளை எப்ப எப்பக் குமிழத் திருகுதோ அப்பல்லாம் அமுக்கிட்டேன். கண்ணாடி வழியாத்தான் தெரியுதே! நம்மள ஏமாத்த முடியுமா?"

சான்றிதழ் கிடைக்க நாற்பது சதவீதம் குறைபாடு இருக்கவேண்டும். அத்தைக்கு ஒன்பது போட்டிருந்தார்கள். ஓடிப்போய்ச் சொல்லிப் பார்த்தேன். குழு எழுந்துவிட்டது, மறுபரிசோதனைக்கு முறைப்படி மனு கொடுங்கள் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, பாஸாகிவிட்டதால்தான் ஃபெயிலாகிவிட்டோம் என்பதை அத்தைக்கு எழுதிப் புரியவைக்க இரண்டு பக்கம் தேவைப்பட்டது. படித்து முடித்தவள் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "தோக்கணும்னு முன்னமே சொல்லியிருந்தா தோத்திருப்பேன்ல?" தோற்பதற்காகப் பரீட்சை எழுதுவதை அவளுக்கு யார் சொல்லித்தந்திருந்தார்கள்?

மறுமனு கொடுத்த அலுவலகம் எது என்பது இங்கே வேண்டாம். அங்கே இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். ஃபைல்தான் நகரவில்லை. வாரத்துக்கு ஒருநாள் அத்தை போவாள். அவர், "அடுத்த ஆழ்ச்ச வரணும் அம்மச்சி" என்பார். அடுத்த வாரம் வரச் சொல்வதை அத்தை "உட்காருங்கள்" என்று எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். அவர் மறுபடி சொல்வார். அத்தை, "பரவாயில்ல சார், காத்திருக்கேன்" என்பாள். மத்தியானம் வரை இப்படி நடக்கும். ஒருநாள் கடைக்கு வந்து கோபமாகச் சொன்னாள். "அங்க சர்வர்னு ஒரு ஆபீசர் இருக்காரு போல. நான் என்னைக்குப் போனாலும் அவரு டவுனுக்குப் போயிட்டாராம். ஒருநாளாச்சும் அந்த மனுசன் சீட்டுல இருக்கப்படாதா?" நான் சிரித்ததைப் பார்த்து, "நீ சிரி. அவரு கையெழுத்துப் போட்டாத்தான எனக்கு மிஷினு" என்றாள்.

குமாஸ்தா மலையாளத்தில் எழுதிக் காட்டினால் அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அத்தை படிக்கும் தமிழை அவருக்கு எழுதத் தெரியாது. ஒருநாள் அவரே என்னை போனில் அழைத்து, ஏதாவது வழி செய்யுங்கள் என்று கெஞ்சினார். நான் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் நாலு வரி எழுதி, எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அர்த்தத்தை அவரிடம் சொல்லிக் கொடுத்தேன். ஒன்று: இன்றைக்கு இல்லை. இரண்டு: அடுத்த வாரம் வாருங்கள். மூன்று: சர்வர் வேலை செய்யவில்லை, அது ஆள் இல்லை. நான்கு: உங்கள் காரியம் முடிந்துவிட்டது. அவர் அட்டையை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அத்தை போய் நின்றால் விரலால் தொட்டுக் காட்டுவார். ஐந்து மாதம் அவர் விரல் முதல் இரண்டு வரிகளைத் தாண்டவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிந்த நேரத்தில், ஒருவரிடம் போனில் பேசிக்கொண்டே, பார்க்காமல் விரலை வைத்தார். விரல் நாலாவது வரியில் விழுந்துவிட்டது. அத்தை அதைப் படித்தாள். குனிந்து இன்னொருமுறை படித்தாள். "மாதாவே!" என்று அவள் போட்ட கூச்சலில் உள்ளே இருந்த பெரிய அதிகாரி வெளியே வந்துவிட்டாராம். அத்தை எதிரே இருந்த பேக்கரிக்கு ஓடி, ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து, வரிசையில் நின்றவர்கள், டைப்பிஸ்ட், துப்புரவு செய்யும் பெண், பெரிய அதிகாரி வரைக்கும் கொடுத்தாள். குமாஸ்தாவுக்கு மட்டும் இரண்டு. அவர் கையைப் பிடித்து, "எம் மகட்ட பேசப்போறேன் சார்" என்று அழுதாள். அவருக்கு அப்போதுதான் விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. லட்டு வாயில் இருந்தது; உண்மையைச் சொல்ல வரவில்லை.

அன்று மாலை அவர் என் கடைக்கு வந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, "எனிக்கு உறக்கம் வராது" என்றார். அத்தையிடம் தவறைச் சொல்லிவிடலாம் என்றேன். "வேண்டா. ஒரு ஆழ்ச்ச தா" என்று அவர் என்னிடம் தவணை கேட்டார். மற்றவர்களுக்கு அவர் கொடுத்துக்கொண்டிருந்த அதே தவணைதான், இம்முறை தனக்காக. அந்த வாரம் முழுக்க அவர் ஃபைல் போன வழியே தானும் போனார். எந்த மேஜையில் கிடக்கிறது என்று போன் போட்டுக் கண்டுபிடித்தார். ஒருநாள் லீவு போட்டு மலையிறங்கி, அதைத் தூக்கி அடுத்த மேஜையில் வைத்துவிட்டு வந்தார். சனிக்கிழமை மறுபரிசோதனைக்குத் தேதி வந்துவிட்டது. காரியம் முடிந்ததென்றால் இப்படித்தான் தேதி வரும் என்று அத்தையிடம் சொன்னோம். அவள் நம்பினாள்.

அதே ஆஸ்பத்திரி, அதே கண்ணாடி அறை, அதே பெண். இம்முறை நான் அவளிடம் முன்கூட்டியே எல்லாம் சொல்லியிருந்தேன். அவள் சிரித்துவிட்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். அத்தை வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கையில் பட்டன். நான் வெளியே அந்தப் பெண்ணுக்குப் பின்னால் நின்றேன். அவள் குமிழைத் திருகத் திருகத் தாளில் குறித்துக்கொண்டே போனாள். அத்தையின் கட்டைவிரல் பட்டன்மேலேயே தயாராக இருந்தது, அசையவில்லை. அந்தப் பெண் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனாள். கடைசியில், அத்தையின் காதில் மாட்டியிருந்த ஹெட்போனிலிருந்து கசிந்த ஒலி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே மெல்லக் கேட்டது. கட்டைவிரல் அசையவில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதி முடித்துப் பேனாவை மூடினாள்.

அப்போது அத்தை, சுவரைப் பார்த்தபடியே, பொறுமையிழந்து உரக்கக் கேட்டாள்: "எப்பம்மா ஆரம்பிப்ப?"

நானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பாதியில் அது நின்றுவிட்டது. இத்தனை வருஷம் ஆமென் சொன்னதும், நல்லது நல்லது என்றதும், இப்படி ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் என்று எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அந்தப் பெண் எழுந்து உள்ளே போய், ஹெட்போனைத் தானே கழற்றி, அத்தையின் கலைந்த முடியைச் சரிசெய்துவிட்டாள். குழு எழுதிக்கொடுத்த சதவீதத்தைத் தொட்டுக் காட்டியபோது, "பாஸா ஃபெயிலா?" என்று கேட்டாள் அத்தை. ஃபெயில் என்றேன். "மாதாவுக்கு நன்றி" என்றாள்.

பென்ஷன் உத்தரவு வர அதற்குப் பிறகும் ஒரு மழைக்காலம் போனது. இப்போது ஒழுங்காக வருகிறது. மிஷின் அதற்கு முன்பே வந்துவிட்டது. கடையில் வைத்துத்தான் மாட்டினோம். மாட்டியதும் அத்தை திடுக்கிட்டு, பஸ் ஹார்னுக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்குமாக மாறிமாறித் திரும்பினாள். பிறகு, "என்னட்டி இது!" என்று கத்தினாள். தன் குரலைக் கேட்டு அவளே பயந்துபோனாள். "நான் இம்புட்டுச் சத்தமாவா பேசுதேன்? ஏன் ஒருத்தியும் சொல்லல?"

"எல்லாரும் சொன்னோமே அத்தை."

"சொன்னா? எனக்குக் கேக்கலியே!" என்று சொல்லிவிட்டு, அவளே சிரிக்க ஆரம்பித்தாள். தனக்குக் கேட்கவில்லை என்று அத்தை வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அங்கேயே மகளுக்குப் போன் போட்டேன். முதலில் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தாள். போன் மிஷினுக்குப் பக்கத்தில் போனதும் அது விசிலடித்தது. கொஞ்சம் தள்ளிப் பிடித்ததும் அடங்கியது. மகள் "ம்" என்றுவிட்டு, பழக்கத்தினால் அம்மா பேசட்டும் என்று காத்திருந்தாள். அத்தை சொன்னாள்: "இன்னைக்கு நான் பேசல. நீ பேசு. எனக்குக் கேக்கு."

அந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. அத்தை பதறிப்போய் மிஷினைத் தட்டினாள். "ஏட்டி, நின்னுபோச்சா இது?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். அவள் முகம் மாறுவதைப் பார்த்தேன். ஜெராக்ஸ் மிஷினை அணைத்தேன். வெளியே பஸ் கிளம்பிப் போனது. அத்தை கடை ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் ஆனது. ஒரு வாடிக்கையாளர் படியேறி வந்து ஆதார் நகல் கேட்டார். "எத்தனை காப்பி?" என்று கேட்டேன். அத்தை கண்ணைத் திறந்து உதட்டில் விரலை வைத்தாள். நான் பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்டிராத தணிந்த குரலில் சொன்னாள்: "மெதுவாப் பேசுட்டி. அவ இப்பத்தான் சொல்ல ஆரம்பிச்சிருக்கா."