அருவிக்கு இல்லாத பொத்தான்

டும்... சக் சக். டும்... சக் சக்.

போன வாரம் மாடி வீட்டிலிருந்து இந்தச் சத்தம் படியிறங்கி வந்தது. யாரோ புதிதாகக் கீபோர்டு வாங்கியிருக்கிறார்கள். பாட்டு இன்னும் வரவில்லை. தாளம் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

"மெஷின் அடிக்கிற தாளம் சார்! இதுல என்ன சங்கீதம் இருக்கு?" என்று அலுத்துக்கொண்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

என் மூக்கில் அதற்குள் சாரலில் நனைந்த பந்தல் துணியின் வாசம் ஏறிவிட்டது. எண்பதுகள். ஆனி மாசம். தென்காசி.

அப்போது நான் ஒரு மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளன். பாட வராது, வாசிக்க வராது. மைக் கிடைத்தால் மட்டும் விடமாட்டேன். குழுவின் உயிர் சகுந்தலாக்கா. பகலில் டைப்ரைட்டிங் டீச்சர், முகூர்த்த நாள்களில் கீபோர்டு. மஸ்கட்டில் வேலை பார்த்த அவள் கணவர் லீவுக்கு வரும்போது அந்தக் கீபோர்டுப் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்.

அது சாதாரணப் பெட்டியா? ஒரு பொத்தானை அழுத்தினால் டிரம்ஸ். இடது கையின் மூன்று விரலைக் கட்டையில் வைத்தால் போதும், பேஸ் கிடாரும் சேர்ந்துகொள்ளும். விரலை மாற்றினால் அதுவும் கூடவே மாறும். வால்ட்ஸ், ரம்பா, டிஸ்கோ, மார்ச்... எங்கோ இருக்கிற ஊர்களின் நடனங்கள் எல்லாம் வரிசையாகப் பொத்தான்களில் உட்கார்ந்திருக்கும். அக்கா அவற்றைத் தென்காசிக்குக் குடிவைத்தாள். வால்ட்ஸைக் கொஞ்சம் விரட்டினால் நம்ம ஊர்க் கும்மி! "வெள்ளைக்காரன் இதைக் கேட்டா அழுவான்லே" என்பாள், வாசித்துக்கொண்டே.

ஒரே ஒரு குறை. டிரம்ஸ்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்து அடிப்பார். பெட்டிக்கு ஏது கண்? யாருக்காகவும் அது நிற்காது.

அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் டிரம்ஸ்காரர் வேறு கச்சேரிக்குப் போய்விட்டார். பெட்டி இருக்கிற தைரியத்தில் நாங்கள் மேடையேறிவிட்டோம். பெண்ணின் அப்பா சங்கரலிங்கம் அண்ணாச்சி, குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். மாப்பிள்ளை வீடு புளியங்குடி, எலுமிச்சை கமிஷன் மண்டி. வாய்த்துடுக்குக்குப் பேர்போன கூட்டம்.

கச்சேரி நடுவே, தலை நிறையப் பூவோடு, மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள் கல்யாணப் பெண் கோமதி.

"யக்கா, எங்கப்பா ஒரு பாட்டு பாடணும்னு நிக்காவ."

"பாடட்டுமே! அதுக்கு ஏன் மொகம் இப்படிக் கெடக்கு?"

"அவுக தாளத்துல நிக்க மாட்டாவக்கா. அருவியில குளிச்சுக்கிட்டே பாடிப் பழகினவுக. தலையில தண்ணி விழும்போது பாட்டு நின்னுரும், தண்ணி வெலகுனா திரும்ப ஆரம்பிக்கும். வெளியிலயும் அப்படியேதான் பாடுவாவ. அருவிச் சத்தத்துல யாருக்குக் கேக்கு? ஒருத்தரும் அவுகட்ட இதைச் சொன்னதில்ல."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரேன் ஏட்டி."

"எப்படிக்கா சொல்லுவேன்? தொட்டில்ல கெடக்கும்போதிருந்து எனக்குப் பாடுன பாட்டு." அவள் குரல் இறங்கியது. "நாளையிலேர்ந்து நான் அந்த வீட்டுலதானே இருக்கணும்? இன்னைக்கு அந்த வீட்டு ஆளுக எங்கப்பாவைப் பாத்துச் சிரிச்சுட்டா, அது எனக்குக் கேட்டுக்கிட்டேல்லா இருக்கும்..."

அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சும்மா இருக்காமல், "அருவிக் குரலோன் வருகிறார்!" என்று மைக்கில் முழங்கித் தொலைத்தேன்.

பட்டு வேட்டி, நெற்றியில் வியர்வை. அண்ணாச்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அக்கா ரம்பா பொத்தானைத் தட்டினாள். பெட்டி கிளம்பியது. அண்ணாச்சியும் கிளம்பினார். அரை வரிதான்... நின்றுவிட்டார். கண்களை மூடி, தலை குனிந்து — நிஜமாகவே தலையில் தண்ணீர் விழுகிற மாதிரி! பெட்டி அவரைத் தாண்டி ஓடியது. அவர் மறுபடி தொடங்கியபோது தாளம் அடுத்த ஊரான ஆயிரப்பேரியையே தாண்டியிருக்கும்.

"ஏலே, கேசட்டு சிக்கிக்கிட்டுலே!" என்றது மாப்பிள்ளை பக்கத்து வரிசை. குபீரென்று சிரிப்பு. மேடை நாற்காலியில் கோமதி மாலையின் நாரைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

அக்கா சட்டென்று தாளத்தை நிறுத்தினாள்.

ஐயோ, போச்சு என்று நினைத்தேன். ஆனால் வலது கை நிற்கவில்லை. புல்லாங்குழல் குரலில் மேலே மேலே ஒரு சின்ன நெளிவு, மலையில் மேகம் ஊர்கிற மாதிரி. இடது கை இன்னொரு பொத்தானைத் தொட்டது. சிங்க்ரோ என்று பெயர். அதைப் போட்டுவிட்டால் தாளம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். இடது கை கட்டையைத் தொடுகிற நொடியில்தான் புறப்படும்.

பாட்டைத் தொடங்க உதவுகிற பொத்தான் அது. ஒரு பாட்டுக்கு ஒரு தடவை போதும். அக்கா அதை வரிக்கு வரி போட்டாள்!

கட்டையைப் பார்க்கவே இல்லை. அண்ணாச்சியின் நெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். டைப் அடிக்கிற விரல்களுக்குக் கட்டையைப் பார்க்க வேண்டுமா என்ன? அவர் மூச்சை இழுத்து முதல் சொல்லை விட்டதும் விரல் இறங்கும். டும்! பேஸும் டிரம்ஸும் அந்தச் சொல்லோடு சேர்ந்து விழும். அவர் நின்றால் தாளமும் நிற்கும். புல்லாங்குழல் மட்டும் அந்த இடைவெளியில் சாரலாகத் தூறும். மறுபடி மூச்சு. மறுபடி டும்!

சிரித்த வரிசை அமைதியானது. இரண்டாவது சரணத்தில், தாளம் எங்கே விழும் என்று எல்லோரும் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேசட்டு என்று கத்தியவனே பக்கத்தில் இருந்தவனிடம், "இது சிங்கப்பூர் ஸ்டைலுலே, உனக்குத் தெரியாது" என்றான்.

கோமதியின் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அழுதாள்தான். ஆனால் அது வேறு அழுகை.

மெஷினில் சங்கீதம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள். நிற்கவே தெரியாத ஒன்றை ஒரு மனுஷனின் மூச்சுக்குக் காத்திருக்க வைத்த விரல்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வேனில் சாமான் ஏற்றும்போது சாரல் பிடித்துக்கொண்டது. தாம்பூலப் பையோடு நனைந்துகொண்டே வந்தார் அண்ணாச்சி.

"தாயி, அந்தப் பெட்டி தானா நின்னுச்சா... நீ நிப்பாட்டுனியா?"

அக்கா வயரைச் சுருட்டிக்கொண்டே சிரித்தாள். "அதுக்குன்னு ஒரு பொத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்க ஆரம்பிச்சாத்தான் அது ஆரம்பிக்கும்."

நாங்கள் ஏறியதும் வேன் உறுமியது. அவர் ஜன்னல் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"எத்தனையோ வருஷமா அருவியில பாடுதேன் தாயி... அது ஒரு நாளும் எனக்காவ நின்னதில்ல."