டத்தோவுக்குப் போர்த்திய பொன்னாடை

கார்க் கதவு திறந்ததும் நான் மாலையைப் போட்டது ஓட்டுநரின் கழுத்தில். வெள்ளைச் சட்டையும் பளபளக்கும் சப்பாத்துக் காலுமாக முதலில் இறங்கியவர் அவர்தான். இருந்த பதற்றத்தில் யார் கழுத்து கிடைத்தாலும் போட்டிருப்பேன். பின்கதவு வழியாக அன்றைய சிறப்பு விருந்தினர், அரசப் பட்டம் பெற்ற டத்தோ, இறங்கி, வெறுங்கையோடு நின்ற என்னைப் பார்த்தார். பத்து பேரைச் சிரிக்க வைப்பான் என்று நம்பி எல்லா விழாவுக்கும் அறிவிப்பாளராகக் கூப்பிடுவார்கள் என்னை. அந்த நேரத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன். எங்கள் வணிகர் சங்கத் தலைவர் முன்னால் வந்து, "பத்திரமா ஓட்டிக்கிட்டு வந்தவருக்கு மொத மரியாத, டத்தோ. உங்களுக்கு உள்ள பொன்னாடை இருக்கு" என்று சிரித்துச் சமாளித்தார்.

தலைவருக்கு எங்கள் ஊரான கரங்கானில் ஐஸ் தொழிற்சாலை. தகரக் கூரை, இரண்டு இயந்திரங்கள், ஒரு லாரி, அவ்வளவுதான். பக்கத்துக் கொட்டகையில் என்னுடைய மசாலா மில். ஐஸ் என்றால் தண்ணீரும் மின்சாரமும், அதில் தண்ணீர்தான் மலிவு என்பார். மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் அலறுகிறவன் நான். ஒருமுறை பதற்றத்தில் விளக்குகளை அணைத்துவிட்டு, அரையிருட்டில் மல்லியையும் மஞ்சளையும் ஒன்றாகக் கொட்டி அரைத்துவிட்டேன். "புது மசாலான்னு சொல்லி வித்துரு லா" என்றவர், பிறகு தன் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டே, "இன்னொரு தடவ ஏறுனா நான் சாத்திட்டுப் போக வேண்டியதுதான் தம்பி" என்றார். அதில் வேடிக்கை இல்லை.

அப்போதுதான் மின்சாரச் சந்தையைத் திறக்கப்போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்தும் மின்சாரம் வருமாம். யாரிடம் வாங்குவது என்று நாமே முடிவு செய்யலாமாம். பெரிய ஆலைகளின் கூட்டமைப்பு ஒன்று இதற்காகத் தலைநகரில் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டமைப்பின் சார்பில் ஆதரவு திரட்டத்தான் டத்தோ எங்கள் மண்டபத்துக்கு வந்திருந்தார்.

எங்கள் வழக்கப்படி வந்தவருக்கு முதலில் பொன்னாடை, அடுத்தது படம், அதற்குப் பிறகே பேச்சு. எதற்காக வந்தார் என்று முழுதாகத் தெரிவதற்குள் மரியாதையைச் செய்து முடித்திருப்போம். அன்றும் முடித்தோம். பேச்சு ஓய்ந்ததும் தலைவர் எழுந்தார். "எங்கள மாதிரி சின்ன ஆளுங்களும் வாங்கலாமா, டத்தோ?"

"படிப்படியா எல்லாருக்கும் வரும், தலைவரே" என்றார் அவர். அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்று பிரியாணியைத் தொடாமலே கிளம்பினார். நாங்கள் அந்தப் 'படிப்படியா'வைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டோம்.

கூட்டமைப்பு அரசாங்கத்துக்கு அனுப்பிய மனுவின் முதல் பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். ஓரத்தில் நான் வாயைப் பிளந்து நிற்கிறேன். கீழே, 'சிறு வணிகர்களின் முழு ஆதரவு.' சந்தை திறந்தது, மிக அதிகமாக மின்சாரம் எடுப்பவர்களுக்கு மட்டும். எங்கள் சங்கத்துக் கடைகளையெல்லாம் ஒரே கம்பியில் கோத்தாலும் அந்த அளவை எட்டாது.

மறியல் செய்யலாம் அண்ணே என்று தலைவரிடம் குதித்தேன். மறியல் என்றால் முதலில் ஓடுகிறவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியும்.

"என்னான்னு சொல்லி? போர்த்துனது நம்ம கைதானே? நம்ம ஆதரவக் கேட்டாங்க, குடுத்தோம். நாம கேட்டதுதான் யாரு காதுலயும் விழல."

சுங்கை லாலாங் பக்கத்துப் பெரிய குளிர்பதனக் கிடங்குக்கு மலிவு மின்சாரம் கிடைத்தது. அவர்கள் தாங்கள் விற்கும் ஐஸின் விலையைக் குறைத்தார்கள். தலைவரிடம் ஐஸ் வாங்கிய மீன்காரர்களும் குளிர்பானம் விற்கும் தண்ணீர்க் கடைக்காரர்களும், "கோவிச்சுக்காதீங்க அண்ணே" என்று ஒவ்வொருவராக விலகினார்கள். தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. இயந்திரங்களை நிறுத்திய அன்று, யாரும் கேட்காத கடைசிக் கட்டிகள் உறையும்வரை காத்திருந்துதான் சுவிட்சைத் தட்டினார். சாயங்காலத்துக்குள் அவை உருகி வாசல்வரை ஓடின. நான் ஏதோ நகைச்சுவை சொன்னேன். என்னவென்று நினைவில்லை, அவர் சிரிக்கவில்லை என்பது நினைவிருக்கிறது.

போன வாரம் பாசார் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். ஐஸ் காச்சாங் கடை போட்டிருக்கிறார். சுற்றுகிற இயந்திரத்தில் ஐஸைச் சீவிக்கொண்டிருந்தவரிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் பதறி, உலகத்திலேயே கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"ஐஸ் எங்கண்ணே வாங்குறீங்க?"

கிண்ணத்தில் சிவப்புப் பாகை ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"எங்க மலிவோ அங்கதான் லா. சந்தையத்தான் தொறந்து விட்டுட்டாங்களே."