நான் கை தூக்கிய கூலி

வரதய்யபாளையம் பக்கம் வேலைக்கு ஆள் ஏற்றிப்போகக் கம்பெனி பஸ்கள் ஊருக்குள் வர ஆரம்பித்ததிலிருந்து நடவுக்கு ஆளே கிடைப்பதில்லை. மிச்சமிருக்கிற பெண்கள் கேட்டதுதான் கூலி. பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலை நிலம் வைத்திருக்கிற ரைத்துகள் எல்லாரும் பால் சென்டரில் கூடினோம். இனி யாரும் நாள் கூலி நானூறு ரூபாய்க்கு மேல் தரக்கூடாது என்றார் ஒரு பெரிய ரைத்து. ஒன்றரை ஏக்கர்க்காரனான நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். அவர் எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். நடவுப் புடவையை அலசிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். நடவுக்குப் போகிற பெண்களுக்கு மேஸ்திரியே அவள்தான். பால் சென்டரில் அது எனக்கு ஞாபகத்துக்கு வரவேயில்லை.

"நம்ம நெலத்துல ஒரு நாள் நடவு. மீதி நாளெல்லாம் அவங்க நெலத்துலதான நட்டுக்கினு கீறேன்? யார் கூலிய கொறைச்சிட்டு வந்து நிக்கிற?"

மறுநாள் எங்கள் நடவு. நாற்று பறித்துப் போட்டாகிவிட்டது. பத்துப் பெண்கள் வரப்பை விட்டு இறங்காமல் நின்றார்கள்.

"ஐநூறு" என்றாள் மேஸ்திரி. தலையாட்டினேன்.

சாயங்காலம் எல்லாருக்கும் கொடுத்து முடித்தேன். கடைசியாக அவளும் கையை நீட்டினாள்.

"சொந்த நெலத்துல கூலியா?"

"கை தூக்கும்போது நீ ரைத்துன்னா, நான் கூலிக்காரிதான?"

நானூறை வைத்துப் பார்த்தேன். நீட்டிய கை மடங்கவே இல்லை.