கும்பிட்ட மீன்கள்

என்னுடைய மாமாவும் மாமியும் ஒருவரோடு ஒருவர் கதைக்காமல் இருந்த காலத்தில், இருவருக்கும் நடுவில் நின்று செய்தி காவியவள் நான். அப்போது ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வளவுக்குள். "சோறு போட்டாச்சு எண்டு மாமாவிட்டைச் சொல்லு" என்பார் மாமி. மாமா கை கழுவிவிட்டு அவருக்கு முன்னால்தான் நிற்பார். நானும் திரும்பி நின்று, "மாமா, சோறு போட்டாச்சாம்" என்பேன். "வாறன் எண்டு சொல்லு" என்பார் மாமா. அதையும் திரும்பிச் சொல்லுவேன். இந்த உத்தியோகம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சண்டைக்குக் காரணம் மீன். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர்களுக்கு உழுது கொடுத்துக்கொண்டிருந்தவர் மாமா. மாமியின் தம்பி கனடாவிலிருந்து வாங்கிக் கொடுத்த இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை ஒருநாள் யாரிடமும் மூச்சு விடாமல் விற்றுவிட்டு, கிளிநொச்சி டவுனில் வளர்ப்பு மீன் கடை போட்டார். ஊர் சிரித்தது. குளத்து மீனும் கடல் மீனும் வேண்டிய மட்டும் கிடைக்கிற இடத்தில், குழம்பு வைக்க முடியாத மீனை யார் வாங்கப்போகிறார்கள் என்று எல்லாரும் கேட்டார்கள். மாமி அதைக் கேட்கவில்லை. தன்னிடம் ஒரு சொல் கேட்காமல் செய்தாரே என்பதுதான் அவருடைய கோபம். கேட்காதவரோடு தனக்கும் கதை இல்லை என்று வாயை மூடிக்கொண்டார். மாரி போய்க் கோடையும் வந்தது, அவர் வாய் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு, அம்மா வேலையால் வரும்வரை நான் கடையில்தான் இருப்பேன். சின்ன அறை, மூன்று பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். மாமா மீன் வளர்த்த கவனத்தில் எங்கள் குடும்பத்தில் யாரும் பிள்ளை வளர்த்ததில்லை. கிணற்றுத் தண்ணீரை நேரே தொட்டிக்குள் ஊற்ற விடமாட்டார். பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் ஆறவைத்துத்தான் ஊற்றுவார். வவுனியாவிலிருந்து காற்று நிரப்பிய பைகளில் மீன்கள் பஸ்ஸில் வந்து இறங்கினால், பையை அவிழ்க்காமல் அப்படியே தொட்டியில் மிதக்க விடுவார். உள்ளே உள்ள சூடும் வெளியே உள்ள சூடும் ஒன்றாக வேண்டுமாம். வந்த மீன்களை இருந்த மீன்களோடு உடனே சேர்க்கவும் மாட்டார். பின்பக்கத்துத் தொட்டியில் தனியே விட்டு, செட்டையில் வெள்ளைப் புள்ளி ஏதும் வருகிறதா என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்ப்பார். நான் சாப்பாடு கொஞ்சம் கூடப் போட்டால் போதும், கையைப் பிடித்துவிடுவார். "பசியிலை செத்த மீனை நான் காணேல்லை பிள்ளை. தின்னக் குடுத்துச் சாக்காட்டுற ஆக்களைத்தான் கண்டிருக்கிறன்."

வீட்டில் கதைக்க ஆள் இல்லாததாலோ என்னவோ, மீன்களோடு நிறையக் கதைப்பார். அதிலும் வாசலுக்கு நேரே பெரிய தொட்டியில் இருந்த தங்கமீன்களோடு. குஞ்சாக வாங்கி ஆளாக்கிய மீன்கள் அவை. யார் வந்து கேட்டாலும் ஏதாவது சாட்டுச் சொல்லி வேறு மீனைக் கொடுத்து அனுப்பிவிடுவார். கடை வைத்திருப்பவர் விற்க மனமில்லாமல் இருப்பதை நான் அங்கேதான் கண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி கடை வாசலில் வந்து நின்றார். முழுகி, ஈரத் தலையை நுனியில் முடிந்திருந்தார். கையில் தூபக்கால். கடை திறந்த நாள்முதல் அந்தத் திக்கில் தலைவைத்தும் படுக்காதவர்.

"உன்ரை மாமாவிட்டைச் சொல்லு பிள்ளை, வெள்ளிக்கிழமையிலை ஒரு சாம்பிராணி காட்டாத கடைக்கு லட்சுமி என்னெண்டு வருவா எண்டு."

மாமா கையெட்டும் தூரத்தில்தான் நின்றார். "காட்டச் சொல்லு" என்றார் என்னிடம். புகை வீணாக வெளியே போகாமல் மாமி கதவைப் பாதி சாத்திவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் நின்று நிதானமாகக் காட்டினார். மாமா அவருக்குப் பின்னால் போய்ப் போய், இடைஞ்சலாகக் கிடந்த வாளிகளை எடுத்து விலக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தநாள் காலையில் சில மீன்கள் செத்து மிதந்தன. மாமா தண்ணீர் மாற்றினார், உப்புப் போட்டுப் பார்த்தார், வவுனியா வியாபாரியைப் போனில் பிடித்து ஏசினார். அடுத்த வெள்ளிக்குப் பிறகும் இதே கதை. மாமி காரணத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார். "நாவூறு. வாற சனம் முழுக்க வாயைப் பிளந்து பாத்திட்டுப் போகுது. இனிக் கொஞ்சம் கூடப் போடவேணும் எண்டு சொல்லு." சொன்னேன். சாம்பிராணி கூடியது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கடை முழுக்க ஒரே புகை. நான் பெரிய தொட்டிக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தேன். தொட்டிகளுக்குக் காற்று ஊதுகிற பம்ப் மேல்தட்டில் இருந்து உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள்ளிருந்து குமிழிகள் மேலே வந்து உடைந்தன. ஒவ்வொன்றும் உடையும்போது அதிலிருந்து துளி வெள்ளைப் புகை எழும்பியது. முதலில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகுதான் எனக்கு விளங்கியது. பம்ப் கடைக்குள் இருக்கிற காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது. மீன்களுக்கு நாங்களே புகையைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தங்கமீன்கள் எல்லாம் மேலே வந்து நின்று, வாயைத் திறந்து திறந்து மூடின.

மாமாவின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். "மாமா, பம்பைப் பாருங்கோ. புகையை இழுக்குது."

மாமா பம்பைப் பார்த்தார். குமிழிகளைப் பார்த்தார். அவருடைய முகம் மாறியதைக் கண்டேன். அந்த நேரம் பார்த்து மாமி தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சாருங்கோ, இதுகளைப் பாருங்கோவன். சாமி கும்பிடுதுகள்."

எங்கள் பக்கத்தில் மனைவிமார் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இஞ்சாருங்கோ என்பதுதான் கூப்பிடுகிற பெயர். அதை நான் காவிக்கொண்டுபோய் யாரிடமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாமா கையை உயர்த்திப் பம்பின் வயரைப் பிடுங்கினார். அவ்வளவுதான் செய்தார். பீப்பாயில் ஆறின தண்ணீர் நிறைய இருந்தது, வாளி இருந்தது, வலை இருந்தது. உடனே மீன்களைப் பிடித்து மாற்றியிருக்கலாம். மாமா அசையாமல் நின்று, "ஓமப்பா, கும்பிடுதுகள்தான்" என்றார்.

மாமி கதைக்கத் தொடங்கினார். மீனில் தொடங்கி, தம்பி போனில் சொன்னது, கூரைத் தகரம் ஒழுகுவது, மாமாவின் இருமல் என்று அத்தனை நாளும் சேர்த்துவைத்தது எல்லாம் வந்தது. இடையில் அழுதார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே."

"கேட்டிருக்க வேணும்" என்றார் மாமா.

நான் மறுபடியும் சட்டையை இழுத்து, "மாமா, மீன் சாகப்போகுது" என்று மெல்லச் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்து அழுத்தினார். அவர் பார்த்தது தொட்டியை, கேட்டது மாமியை. ஒரு தடவைகூட மாமியின் கதையை இடையில் வெட்டவில்லை.

மாமி போனபிறகுதான் வாளியைத் தூக்கினார். ஓடி ஓடி மாற்றினோம். சின்னத் தொட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் தப்பின. காற்று அதிகம் போனது பெரிய தொட்டிக்குத்தான். தங்கமீன்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்தக் கிழமையே மாமா பின்சுவரில் துளை போட்டு, பம்பை வெளியே தகரக் கூரைக்குக் கீழ் வைத்து, குழாயை மட்டும் உள்ளே விட்டார். பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் மீன் சாகவில்லை. தன்னுடைய சாம்பிராணிதான் கடையைக் காப்பாற்றியது என்று மாமி இன்றைக்கும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். மாமாவும் பக்கத்தில் இருந்து தலையாட்டுவார்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தச் சனிக்கிழமைக் காலை. கடைக்குப் பின்னால் மாமா குழி வெட்டி, தங்கமீன்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். வைக்கும்போது வாய்க்குள் ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லா மீனும் செத்துப்போச்சு. உங்களுக்குப் பாட்டு வருதோ?" என்று கேட்டேன். அவர் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையாகவே கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார்.

ஒரு மனிதருக்கு அழுகையும் பாட்டும் ஒன்றாக வராது, இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கண்ணீர்தான் பொய் என்று முடிவுசெய்து, அவரைப் பார்க்காமல் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினேன்.