நசீமா டீச்சரின் நாடி

காலையில் ஆய்வகத்தில் வெங்காயத் தோலைச் சாயத்தில் ஊறவைத்திருந்தபோது செய்தி வந்தது. நசீமா டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். இளஞ்சிவப்புச் செல்கள், ஆளில்லாத அறைகள்போல வரிசையாக. 

அஸ்தம்பட்டியில் எங்கள் பள்ளிக்கு உயிரியல் ஆய்வகம் ஒன்றுதான். தாவரவியல் எனக்கு, விலங்கியல் அவருக்கு. ஆறு ஆண்டுகள் ஒரே மேசை. மதியங்களில் சன்னலுக்கு வெளியே வேம்பைப் பார்த்தபடி சொல்வார்: "இதயமே இல்லாம உச்சி வரைக்கும் தண்ணி ஏத்துது. கொடுத்து வெச்ச மரம்!"

"வெயில் இழுக்குதுங்க டீச்சர்."

"வெயிலுக்கும் 'ங்க'வா? நாமக்கல் மரியாதையே தனி!"

அவர் போவதற்குச் சில வாரங்கள் முன்பு ஒரு நாள், பதினோராம் வகுப்பில் இரண்டிரண்டு பேராக நாடி எண்ணினார்கள். இணை கிடைக்காத ஒரு மாணவிக்கு டீச்சர் தம் கையை நீட்டினார்.

"மிஸ், விட்டு விட்டு அடிக்குதுங்க."

நான் குறுக்கிட்டேன். "கட்டைவிரலை வெச்சிருப்ப. அதுலயும் நாடி உண்டு, ரெண்டும் கலந்துடும். திரும்ப எண்ணு."

மூன்று முறை எண்ணினாள். மூன்று முறையும் அதையே சொன்னாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"அவ எண்ணினது சரிதான் டீச்சர்," என்றார் நசீமா. "நீ எழுதிக்கம்மா."

மாலையில், பிள்ளைகள் போனபிறகு சொன்னார். இதய வால்வில் பழுது. அறுவை சிகிச்சையைக் கோடை விடுமுறைக்குத் தள்ளி வைத்திருந்தார். "இப்பத் தெரிஞ்சா லீவு போடச் சொல்லி உட்கார வெச்சிடுவாங்க. செய்முறைத் தேர்வு முடியட்டும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தலையாட்டினேன். அதிகம் பேசாத என் இயல்புக்கு அது எளிதாக இருந்தது.

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார்.

அவருடைய வீட்டு வாசலில், எங்களோடு வேலை பார்த்த உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள்: "பக்கத்துலயே இருந்தீங்களே, ஒண்ணும் தெரியலையா?" அப்போது பேசவில்லை. தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வாக்கைக் காத்தேன் என்று சில நாள் தோன்றுகிறது; ஆளைக் காக்கவில்லை என்று மற்ற நாள்களில்.

அவருடைய வகுப்புகளையும் இப்போது நான்தான் எடுக்கிறேன். ஒரு பிள்ளை எண்ணிய நாடி புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால், திரும்ப எண்ணச் சொல்வதில்லை. அருகில் உட்கார்ந்து அந்த மணிக்கட்டில் என் விரல்களை வைக்கிறேன். பிறகு மெதுவாக, "வீட்ல தெரியுமா சாமி?" என்று கேட்கிறேன்.

நசீமா டீச்சரிடம் கேட்காமல் விட்ட அந்தக் கேள்விதான் அவரிடமிருந்து எனக்கு வந்தது.