போர்டிங் அடுப்புக்கு வந்த ரப்பர் காஸ்

பேப்பரில் பச்சை ஹைட்ரஜன் என்று ஒரு சமாசாரம் போட்டிருந்தார்கள். காற்றாடிக் கரண்டையும் வெயில் கரண்டையும் வைத்துத் தண்ணீரிலிருந்து காஸ் பிரிப்பார்களாம். எரித்தால் புகையே இருக்காதாம். உர ஆலையும் இரும்பு ஆலையும் வாங்கத் தொடங்கினால் விலை இறங்கும். ஆலைக்காரர்களோ விலை இறங்கட்டும், பிறகு வாங்குகிறோம் என்கிறார்களாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான், முழுசும் புரிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் புதிதில்லை. குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சமையல்புரையில் நின்று அதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

அது கிறிஸ்தவச் சபை நடத்துகிற போர்டிங், பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் தங்குகிற விடுதி. நான் அங்கே சமையல்காரி. துணைக்கு என்னைவிட இளையவள் ஒருத்தி இருந்தாள், வாய் நீளம். காலையில் கஞ்சியும் பயறும், மத்தியானம் சோறு, ராத்திரிக்குப் பெரும்பாலும் மரச்சீனிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. எல்லாம் ரப்பர் விறகில்தான். காய்ந்த விறகு நல்ல பிள்ளை மாதிரி எரியும். நனைந்தது கண்ணைப் பிடுங்கிவிடும். எங்கள் பக்கம் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. விறகு எப்போது காய? கடைசியில் எனக்கு நெஞ்சு இரைக்கத் தொடங்கியது. புகை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமையலை விட்டால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

போர்டிங்குக்குப் பின்னால் ரப்பர் விவசாயிகள் சங்கத்தின் கொட்டகை இருந்தது. மரத்தில் வடிந்த பாலை அங்கே உறைய வைத்து ரப்பர் ஷீட் அடிப்பார்கள். மிச்சத் தண்ணீர் ஓடைக்குப் போய் நாறும். அந்தத் தண்ணீரைத் தொட்டியில் அடைத்துக் காஸ் எடுக்க ஆரம்பித்தார்கள். ஷீட் உலர்த்தியது போக மீந்த காஸ் வீணாகப் போயிற்று. சங்கத்துச் செக்ரட்டரி எங்கள் போர்டிங்கை நடத்துகிற சபைக் கமிட்டியிடம் வந்து கேட்டார். தொட்டியைப் பெரிதாக்கி ரோடு வரைக்கும் குழாய் இழுக்கலாம், ஆனால் மூன்று நேரமும் எரிகிற பெரிய அடுப்பு வைத்திருக்கிறவர்கள் யாராவது, சில வருஷத்துக்குக் காஸ் வாங்குவோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பேங்க் கடன் தராது என்றார்.

எங்கள் கமிட்டிப் பொருளாளர் ரப்பர் தோட்டக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. முதலில் ரோட்டோரத்தில் டீ விற்கிற சாயக்கடைக்காரன் வாங்கட்டும், ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நாம் வாங்கலாம் என்றார். சாயக்கடைக்காரரிடம் கேட்டதற்கு, போர்டிங் வாங்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றாராம்.

என் துணைக்காரி தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "யக்கா, எல்லாரும் மத்தவன் மொதல்ல ஆத்துல எறங்கட்டும்னு கரையில துண்டோட நிக்கியானுவ."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போர்டிங் சாப்பாட்டு அறையில் கமிட்டி கூடியது. நான் பால் விடாத கட்டன் சாயாத் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆட்கள் கூடின இடத்தில் நான் வாய் திறந்தது கிடையாது. தட்டை வைத்துவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். சோற்றில் ரப்பர் நாற்றம் வரும் என்றார் ஒருவர். விறகு சும்மாக் கிடைக்கும்போது காஸ் எதற்கு என்றார் இன்னொருவர். அப்புறம் பொருளாளர் ரொம்பத் தன்மையாகச் சொன்னார், அக்காவுக்கு முடியவில்லை என்றால் ஓய்வு எடுக்கட்டும், வேறு ஆள் பார்ப்போம், அதற்காகக் குழாய் வேண்டுமா என்று.

அந்தத் தன்மைதான் என்னைச் சுட்டது. தட்டை மேசையில் வைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டு பேசினேன்.

"எனக்காக ஆரும் குழாய் போடண்டாம். நான் போனா வாறவளுக்கும் நெஞ்சு உண்டும்லா."

தொடங்கியபின் நிறுத்தத் தெரியவில்லை. விறகு சும்மாக் கிடைத்த காலம் போயிற்று என்றேன். முன்பு பழைய ரப்பர் மரத்தை முறித்துச் சாய்த்தால் கொப்பும் கிளையும் போர்டிங்குக்கு வரும். இப்போது பிளைவுட் கம்பெனிக்காரர்கள் கேரளாவிலிருந்து லாரி கொண்டுவந்து எல்லாவற்றையும் அள்ளுகிறார்கள். விறகுக்காரர் சொல்கிற விலைக்கு நாம் தலையாட்டுகிறோம். சங்கம் விலையை எழுதித் தருகிறது, ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் ஏற்ற மாட்டோம் என்கிறது. நம் கஞ்சித்தண்ணியும் கிழங்குத்தொலியும் அந்தத் தொட்டிக்கே போகும். இந்த ரோட்டில் நம்மைப்போலத் தினமும் எரிக்கிறவர்கள் யாரும் இல்லை. நாம் வாங்கினால் குழாய் வரும், குழாய் வந்தால்தான் சாயக்கடைக்காரர் வாங்குவார். "பெரிய அடுப்பு நம்மகிட்டல்லா இருக்கு? பின்னே ஆரு மொதல்ல வாங்க?"

பொருளாளர் கோபப்படவில்லை. சரியான இடத்தில் பிடித்தார். "தை மாசியில இலை உதிரும்லா அக்கா. அப்பம் மரத்துல பால்வெட்டு கெடையாது. பால் இல்லாம காஸ் எங்கேருந்து வரும்?"

வெட்டு நின்றால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் தொட்டிக்குத் தண்ணீர் இல்லை. ரப்பர் ஊரில் பிறந்தவளுக்கு அது தெரியாதா? அந்த மாதங்களுக்கு ஒரு விறகு அடுப்பை இடிக்காமல் வைத்திருப்போம் என்றேன். அப்போ ரெண்டு செலவு என்றார். ஆனாலும் நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை.

கடைசியில் போதகர்தான் முடித்து வைத்தார். சங்கம் கேட்டது மூன்று வருஷம், கமிட்டி கொடுத்தது ரெண்டு. இலை உதிரும்போது சமையல் முடங்கினால் அக்காவை நிறுத்திவிட்டுப் பழையபடி விறகுக்கே போவோம் என்று பொருளாளர் சொல்ல, நான் சரி என்றேன்.

ஆனி மழைக்கு முன்னால் குழாய் வந்தது. முதல் வாரம் சோறு நடுவில் அடிபிடித்தது. தீயை எப்படி வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. ரப்பர் நாற்றம் வரவில்லை. கஞ்சியில் புகை மணம் இல்லையே என்று பிள்ளைகள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது போனதே போதும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் சாயக்கடைக்காரரும் குழாய் வாங்கினார். அவரைப் பார்த்து ரெண்டு வீட்டுக்காரர்களும் வாங்கினார்கள்.

தை பிறந்தது. மரமெல்லாம் மொட்டையானது. அடுப்பில் தீ தாழ்ந்து தாழ்ந்து விரல் நகம் அளவுக்கு வந்தது. அதில் போர்டிங்குக்குச் சோறு வேகாது. மழை விட்ட ஆவணியில் காயப்போட்டுக் கூரைக்குள் அடுக்கியிருந்த விறகை எடுத்தேன். வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, இருமி இருமி, ஒரு நேரச் சோறும் தாமதமாகாமல் வைத்தேன். ரோட்டிலிருந்து புகையைப் பார்த்துவிட்டுப் பொருளாளர் சமையல்புரை வாசலில் வந்து நின்றார்.

"பாத்தீளா அக்கா?"

நான் துணியை அவிழ்த்தேன். "பாத்தேன் சார். ஒங்க தோட்டத்து மரமும்தான் இப்பம் பால் தரல்ல. மூட்டோட முறிச்சாச்சா?"

துணைக்காரி சட்டென்று முகத்தைத் தேங்காய்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் வெந்துகொண்டிருந்த சோற்றைப் பார்த்தார், அடுக்கின விறகைப் பார்த்தார். என்னை நிறுத்துகிற பேச்சை எடுக்காமல், கட்டன் சாயா உண்டுமா என்று கேட்டார்.

சாயா போடுகிற அளவுக்குக் காஸ் இருந்தது. அதில்தான் போட்டுக் கொடுத்தேன்.