ரசாயனத்திலிருந்து கிடங்குக்கு

பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளைத் துறைவாரியாகப் பிரித்து வைக்கும் ஆபீஸில் எனக்கு வேலை. சிமென்ட், மருந்து, வங்கி, ரசாயனம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரே கம்பெனி நாலு தொழில் செய்தால் அதன் ஆண்டறிக்கையைப் புரட்டுவோம். வருமானத்தில் பாதிக்கு மேல் எதிலிருந்து வருகிறதோ, அதுதான் துறை. கம்பெனியின் பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

இந்தப் புத்தி ஆபீஸோடு நிற்பதில்லை. காலையில் திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால், அரைக்கண் மூடியபடி உலகத்தையே பிரித்துக்கொண்டு போவேன். ஜன்னலுக்கு வெளியே கடல் எது, வானம் எது என்று தெரியாத வெளுப்பில் கப்பல்கள் மிதக்கும். அவை போக்குவரத்து. எதிர் சீட்டில் கூடையை மடியில் வைத்துத் தூங்கும் அம்மாள் பூவும் விற்பாள், கல்யாணத்துக்கு வரனும் பார்ப்பாள். பாதிக்கு மேல் எது? டோல்கேட் ஸ்டேஷன் தாண்டி ரயில் தரைக்குள் இறங்கும்வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் என் பட்டியலில் என் வீட்டுக்காரரின் கம்பெனி வந்தது. எண்ணூர்ப் பக்கம் ரசாயன ஆலை. அவர் அங்கே பாய்லர் ஆபரேட்டர். வேண்டியவர்கள் வேலை செய்யும் கம்பெனி என்றால் வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும். நான் கொடுக்கவில்லை. அவர் கம்பெனியை நானே பார்க்கும் ஆசை, வேறென்ன? அறிக்கையைத் திறந்தால் ரசாயனம் சுருங்கிக் கிடந்தது. பாதிக்கு மேல் வருமானம், ஆலை நிலத்தில் கட்டிய கிடங்குகளின் வாடகை. இப்படியே போனால் பாய்லர் எதற்கு, அதைப் பார்த்துக்கொள்ள அவர் எதற்கு? ஆனாலும் விதிப்படி கிடங்குத் துறைக்கு மாற்றினேன்.

நாலு நாள் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. டிபன் பாக்ஸில் தினமும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தேன். என் தைரியம் அவ்வளவுதான்.

ஞாயிறு சாயங்காலம் கடலோரப் பாறைகளில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் மெல்லத் தளும்பிக்கொண்டிருந்தது.

"இன்னா, நாலு நாளா மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார்.

"உன் கம்பெனிய நான் மாத்திட்டேன்யா. இப்ப அது ரசாயனத்துல இல்ல. கெடங்குல கீது."

அவர் அதிரவில்லை. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய்லர நிறுத்தி ஆறு மாசம் ஆவுது. ஆலை கேட்டாண்ட நின்னு லாரி நம்பர் எய்திகினு கீறேன். உன்னாண்ட சொல்ல பேஜாரா இருந்திச்சி."

ஊரில் உள்ள கம்பெனிகளின் குட்டையெல்லாம் கிளறியவள், ஒரே பாயில் படுக்கிறவரைக் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, என்மேல்தான்.

"கரீட்டாதான் போட்டுகீற," என்று என் தோளைத் தட்டினார். "சரி, இப்ப என்னை எதுல போடுவ?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.